விளையாட்டு அறையில் நான் ஊதிய விசில்

போன மாதம் நம் குழந்தைகள் மையத்தின் பயிற்சி நாளன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து உங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அந்தச் சலுகை உண்டு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதுமே பாதிப் பயிற்சி முடிந்துவிட்ட நிம்மதி பலர் முகத்தில் தெரிந்தது. வைட்ஃபீல்டிலிருந்து வரும் ஒரு பெண், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி, டீ வரும் நேரத்துக்குச் சரியாக உள்ளே நுழைந்தார். அந்தத் துல்லியத்தை எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தர முடியாது. இன்னொரு தம்பி என்னிடமே வந்து, "சார், இந்த வருஷத்துக்கு இன்னும் எட்டு மணி நேரம் ட்ரெயினிங் பாக்கி இருக்கு. அதை முடிச்சிட்டா அப்புறம் நிம்மதி, இல்ல?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். எட்டு மணி நேரத்தில் இதையும் கழித்துக்கொள்ள முடியுமா என்று யாரும் கேட்காதீர்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு நேர்வழியில் வந்தவன் இல்லை. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பெரிய மீசை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். ஒரு கோடை விடுமுறையில், விளையாட்டு மூலம் குழந்தைகளுக்கு உதவுவது எப்படி என்று பத்து நாள் பயிற்சி, ஒரு ஆசிரியரை அனுப்பி வையுங்கள் என்று கடிதம் வந்தது. மற்ற டீச்சர்கள் எல்லாரும் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கு ஊரே இதுதான். தலைமையாசிரியை கடிதத்தை என்னிடம் நீட்டி, "விளையாட்டுன்னுதானே போட்டிருக்கு, நீங்களே போங்க மாஸ்டர்" என்றார். நானும் இரண்டு ஃபுட்பாலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நம் மையம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. உள்ளே மணல் தொட்டி, பொம்மைகள், களிமண், குட்டி நாற்காலிகள். மனதில் இருப்பதை வாயால் சொல்லத் தெரியாத குழந்தை இவற்றை வைத்துச் சொல்லும், பெரியவர் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும், குழந்தை போகும் வழியில் கூடப் போகவேண்டும் என்று முதல் நாள் சொன்னார்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதெல்லாம் ஒரு வேலையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் என்னவோ அந்த அறை பிடித்துப்போய்விட்டது. பத்து நாள் முடிந்தும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாரத்தில் மூன்று சாயங்காலம் அங்கே வேலை செய்ய ஆரம்பித்தேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். மல்லேஸ்வரத்துக் கன்னடப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். தன் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்பது அவருடைய உத்தரவு, அதனால் போடவில்லை. நான் ஆறடி, அவர் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். எங்கள் பேச்செல்லாம் கன்னடத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை காலையில் அவரும் நானும் இன்னும் இரண்டு டீச்சர்களும் உட்காருவோம். பெற்றோரிடம் அனுமதி வாங்கி, அறையில் நடப்பதை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருப்போம். அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்பதுதான் பயிற்சி.

கேசட்டைப் போடும் முன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இந்த மாசம் என்ன தப்பு பண்ணீங்க?"

மற்ற இரண்டு பேரும் வெட்கப்படாமல் சொல்வார்கள். ஒருவர் குழந்தை அழுதபோது பயந்துபோய் மிட்டாய் கொடுத்திருப்பார். இன்னொருவர் ஒரு அம்மாவிடம் தேவையில்லாமல் அறிவுரை சொல்லியிருப்பார். என் முறை வரும். "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்பேன். மைதானத்தில் நானூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்தியவன். என்னிடம் என்ன தப்பு இருக்கும்? அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். நாலாவது மாதம் அந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். "மாஸ்டர்: இந்த மாதமும் தப்பு இல்லை. கவனிக்கவேண்டிய கேஸ்" என்று எழுதியிருந்தது.

இதெல்லாம் தொண்ணூற்றொன்றின் சங்கதி. அந்த வருஷக் கடைசியில் காவிரித் தண்ணீர் விஷயமாக ஊரில் கலவரம் நடந்ததை உங்கள் வீடுகளில் யாராவது சொல்லியிருப்பார்கள். தமிழர்கள் இருந்த பேட்டைகளில் பல நாள் கதவு திறக்கவில்லை. பிறகு திறந்தது. பால் வந்தது, பஸ் ஓடியது, நாங்களும் வேலைக்குப் போனோம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. செல்வி என்று வைத்துக்கொள்வோம், அது அவள் பெயர் இல்லை. அப்பா ஒரு பேக்கரியில் பன் போடுகிறவர், அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருந்தார். செல்வி வீட்டுப் பக்கத்தில் கன்னடப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு.

"வூட்ல வாயே மூடாது சார்" என்றார் அம்மா. "வாசப்படி தாண்டுனா ஒரு வார்த்தை கெடையாது. ரெண்டு மாசமா ஸ்கூல்ல அப்படியே குந்தினு கீறாளாம். பேர் சொன்னா எஸ் மிஸ் கூட சொல்றதில்ல. பரீட்சையில வாய்ப்பாடம் சொல்லலன்னா பாஸ் போட முடியாது, காது கேக்காத புள்ளைங்க ஸ்கூல்ல போய்க் காட்டுங்கன்றாங்க. இவங்கப்பா இன்னான்னா, வாணியம்பாடியில அவங்க அக்கா வூட்ல விட்டு அங்கியே படிக்க வெச்சிடலான்றாரு. எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு சார்."

ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடினால் செல்வியைப் பஸ் ஏற்றிவிடுவார்கள். எங்களிடம் இருந்தது இரண்டு மாதம்.

செல்வி என் அறைக்கு வாரம் ஒரு நாள் வந்தாள். பேசவில்லை. ஆனால் விளையாடினாள், அதுவும் ஒரே விளையாட்டு. நாற்காலிகளை வரிசையாகப் போடுவாள். முன்னால் ஒன்று, அது டிரைவர் சீட். பொம்மைகளை ஒவ்வொன்றாக ஏற்றி உட்கார வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு பொம்மையை மட்டும் எடுத்து, பொம்மைகள் போட்டு வைக்கும் சாக்குப் பைக்குள் திணித்து, பை வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மணி அடிக்கும்வரை அப்படியே நிற்பாள். வாரா வாரம் இதுதான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, பார்ப்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கன்னடம், அது பழகட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லியிருந்தேன்.

இந்தச் சமயத்தில், மார்ச் மாதத்தில், டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் வந்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினார். நல்ல மனிதர், நல்ல வகுப்பு. குழந்தை கூப்பிட்டால் விளையாட்டுக்குள் நீங்களும் ஒரு பாத்திரமாகப் போகலாம் என்று சொன்னார். "குழந்தை கூப்பிட்டால்" என்ற இரண்டு வார்த்தைகள் அதில் இருந்தன. என் குறிப்பேட்டில் அவை இல்லை. சான்றிதழ் மட்டும் பத்திரமாக இருந்தது. பயிலரங்கில் கற்றதை மறுநாளே செய்து பார்க்கவேண்டும் என்று கை பரபரக்கும் பாருங்கள், உங்களுக்கும் வரும், அது எனக்கு வந்தது.

அந்த வாரம் செல்வி நாற்காலிகளைப் போட்டாள், பொம்மைகளை ஏற்றினாள். பஸ் இருக்கிறது, டிரைவர் சீட் இருக்கிறது, கண்டக்டரைத்தான் காணோம் என்று எனக்குப் பளிச்சென்று தோன்றியது. எழுந்தேன். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, "டிக்கெட், டிக்கெட்! யாருரீ டிக்கெட்?" என்று மைதானக் குரலில் ஆரம்பித்தேன். செல்வி என்னையே பார்த்தாள். ரசிக்கிறாள் என்று நினைத்தேன். கழுத்தில் விசில் தொங்கியது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்துவதுபோல நீளமாக ஒரு ஊது ஊதினேன்.

அவள் நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்தது. தரையெல்லாம் ஈரம். அழவில்லை, நகரவில்லை, கண் மட்டும் கதவைப் பார்த்தது. "ஏனாயித்து புட்டி? ஏனூ ஆகில்ல, ஏனூ ஆகில்ல" என்றேன். என்ன ஆச்சு கண்ணு, ஒன்றும் ஆகவில்லை என்று கன்னடத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள்.

விசில் சத்தம் கேட்டு அம்மா கதவைத் தட்டினார். திறந்தேன். "என்னாச்சு சார்?" என்றார். "ஒண்ணும் இல்லம்மா, விளையாட்டுல கொஞ்சம் பயந்துட்டா" என்றேன், அதையும் கன்னடத்தில்தான். அவர் மகளின் பாவாடையைப் பார்த்தார், என் கழுத்து விசிலைப் பார்த்தார். துண்டால் துடைத்துத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை வந்தது. என் சட்டைப் பையில் இரண்டு கேசட் இருந்தன. ஒன்று, வேறொரு குழந்தையுடன் நான் பிரமாதமாக நடந்துகொண்ட மாலை. மற்றது இந்த மாலை. எதைப் போடுவது என்று காக்ஸ் டவுன் மார்க்கெட்டிலிருந்து மையம் வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். ஒரு கடைவாசலில் நின்று, இந்தக் கேசட்டின்மேல் ரேடியோ பாட்டைப் பதிவு செய்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். நாற்பத்தொரு வயது ஆள், ரேங்க் கார்டை ஒளித்து வைக்க இடம் தேடும் பையனைப்போல நின்றேன்.

"இந்த மாசம் என்ன தப்பு மாஸ்டர்?" என்றார் மேடம்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

அவர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பேனா காகிதத்தில் போகும் சத்தம் கேட்டது. "இருங்க மேடம்" என்றேன். கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இது கொஞ்சம் மோசமா இருக்கும்."

போட்டார். முதலில் என் கண்டக்டர் குரல் வந்ததும் மற்ற இரண்டு டீச்சர்களும் சிரித்துவிட்டார்கள். எனக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு விசில். அந்தச் சின்ன அறையில் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று ஊதும்போது எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு என் குரல் மட்டும் ஏனூ ஆகில்ல, ஏனூ ஆகில்ல என்று ஓடிக்கொண்டே இருந்தது. மேடம் டேப்பை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு வீட்ல என்ன பாஷை?"

"தமிழ்."

"உங்க வீட்ல?"

"தமிழ்தான்."

"அந்த ரூம்ல உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் இல்ல. அப்புறம் எதுக்கு மாஸ்டர் கன்னடத்துல பேசிட்டு இருக்கீங்க?"

பள்ளிக்கூடம், பழக்கம் என்று காரணத்தை எடுத்துவிட்டேன். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. நான் பேசப் பேசக் காரணம் மெலிந்துகொண்டே போய் நின்றுவிட்டது. டிசம்பரிலிருந்து நான் வாசலுக்கு வெளியே தமிழ் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில், கடையில், சர்ச் வாசலில், எங்கேயும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. நானாகவே மூடிக்கொண்டேன். அதை அப்படியே சொன்னேன். ஒரு கன்னடப் பெண்ணிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவர் முகம் சிவந்துபோயிற்று.

பிறகு எழுந்து, "விசிலைக் கொடுங்க. நீங்க செல்வி. நான் மாஸ்டர்" என்றார்.

குட்டி நாற்காலிகளைப் போட்டோம். நான் பொம்மைகளை ஏற்றினேன். அந்த ஐந்தடிப் பெண் என் மீசையைத் தடவுவதுபோல மேலுதட்டைத் தடவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, என் குரலிலேயே "டிக்கெட், டிக்கெட்!" என்று கத்தியபோது மற்ற இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் இவ்வளவு பேசுகிறேனா என்று நான் திகைத்துப்போனேன். பொம்மையை எடுத்துச் சாக்கில் போட்டேன், வாயை இறுக்கிப் பிடித்தேன். அவர் விடாமல் பக்கத்தில் வந்து வந்து பேசினார். சாக்குக்குள் இருந்த பொம்மையை யாரும் பார்த்துவிடக்கூடாது, அது சத்தம் போட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"நீங்க வாயை மூடுனா போதும் மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் விசிலைத் திருப்பிக் கொடுத்தார். "அவங்க அப்பா அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"முதல்ல அதைச் சரி பண்ணுங்க. நானும் வரட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிங்கராஜபுரத்தில் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். சந்துக்குள் திரும்பும்போதே ஒரு குழந்தையின் குரல் கேட்டது. யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது. "நீ மொதல்ல கை கழுவு. கழுவுனாத்தான் சோறு." தையல் மிஷின் சத்தத்தையும் மீறி கணீர் என்றிருந்தது. நான் வாசலில் நின்றதும் நின்றுபோயிற்று. இத்தனை வாரம் கூட உட்கார்ந்திருந்தும் செல்வியின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதையும் நானே போய் நிறுத்தினேன்.

அம்மா அவளைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா எனக்கு ஸ்டூல் போட்டார். கையில் பேக்கரிச் சூடு பட்ட தழும்புகள். முகத்தில் மரியாதை இருந்தது, வரவேற்பு இல்லை.

"அன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்" என்றேன். "அது பொய். நான் அவ விளையாட்டுக்குள்ள புகுந்து கண்டக்டர் மாதிரி விசில் ஊதிட்டேன். அதுல பயந்துட்டா. தப்பு என்மேலதான். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பஸ் வெளாட்டா சார்? விசில் ஊதுனீங்களா?"

"ஆமா."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். "எங்க வூட்டுக்காரிக்கே இது தெரியாது சார்" என்று தொடங்கினார். கலவரத்து முதல் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். வழியில் யாரோ மறித்திருக்கிறார்கள். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் நின்றது, ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். யார் என்ன பாஷை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

"இவ தொணதொணன்னு பேசினே இருப்பா சார். எங்க தமிழ்ல ஏதாவது கேட்டுடுவாளோன்னு வாயைப் பொத்திட்டேன். மூஞ்சியை அப்படியே என் மடியில அழுத்திக்கினேன். பக்கத்துல ஒரு கன்னடக்காரம்மா குந்தினு இருந்தாங்க. நம்ம மனெ மகு, ஜொர, பிட்ரப்பான்னாங்க. எங்க வூட்டுக் கொழந்தை, காச்சல், வுட்டுடுங்கப்பான்னு. அவங்க போய்ட்டாங்க. அந்தம்மா யாருன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா எறங்கற வரைக்கும் நான் கையை எடுக்கல சார். மூச்சு முட்டியிருக்கும். காலை ஒதைச்சா. அப்பவும் எடுக்கல."

"அப்புறம் அவகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். நான் சொல்ற வரைக்கும் வெளிய வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. "அப்புறம் நான் சொல்லவே இல்லியே சார்."

இதைக் கேட்டதும் என் டிரில் மாஸ்டர் புத்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அட்டென்ஷன் என்று ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டு, கலையச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தப் பிள்ளை மூன்று மாதமாக வெயிலில் நிற்கிறது.

"இப்பவே கூப்ட்டு சொல்லிடட்டுமா?" என்று அவர் எழுந்தார். எனக்கும் அதுதான் வாயில் வந்தது. சொல்லுங்கள் என்றால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் முந்தின நாள்தான் ஒருவர் விடாமல் பேசினால் எப்படி இருக்கும் என்று சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் இருந்த பதற்றத்தில் அதுவும் ஒரு உத்தரவாகத்தான் அவள் காதில் விழும். அந்தப் பஸ்ஸில் நடந்ததும் அவளுக்குள் அப்படியே இருக்கும்.

"இங்க வேணாம்" என்றேன். "புதன்கிழமை அவளோட அறைக்கு வாங்க. அவ பஸ்ல ஒரு சீட்ல உக்காருங்க. மத்ததை அவ பாத்துக்குவா."

அதற்கு முன்னால் மனைவியிடம் சொல்லிவிடும்படி கேட்டேன். சொன்னார். அந்த அம்மா அழுதாரா, திட்டினாரா என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை மூன்று பேரும் வந்தார்கள்.

விசிலை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். மேடம் எனக்குக் கொடுத்த அறிவுரை மொத்தமும் ஒரு வரிதான். "இன்னிக்கு நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க மாஸ்டர்." ஆறடி ஆள் மூலையில் பாயில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். முதல் வேலையாக, "செல்வி, அன்னிக்கு நான் விசில் ஊதினது தப்பு. இனிமே ஊதமாட்டேன்" என்று தமிழில் சொன்னேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலிகளை இழுக்கப் போனாள்.

பொம்மைகள் ஏறின. அப்பாவைச் சுட்டிக்காட்டி ஒரு நாற்காலியைக் காட்டினாள். அவர் முழங்கால் இரண்டும் நெஞ்சைத் தொட அதில் உட்கார்ந்தார். அவள் வழக்கமான பொம்மையை எடுத்துச் சாக்கில் போட்டு வாயைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாடி" என்றார் அப்பா. "அப்பா அன்னிக்குப் பயந்துட்டேன். உன் வாயைப் பொத்திட்டேன். நீ வெளிய பேசலாம் கண்ணு. அப்பா அப்பவே சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லை. அவள் சாக்கை விடவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

செல்வி சாக்கைக் கீழே வைத்தாள். அப்பா முன்னால் வந்து நின்று, தன் கையை அவர் வாய்மேல் வைத்து அழுத்தினாள். இன்னொரு கையையும் அதன்மேல் வைத்தாள். மூக்கும் சேர்ந்து மூடியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். ஓடிப்போய் விலக்கவேண்டும், ஏதாவது சொல்லவேண்டும். அவருக்கு வேண்டுமென்றால் ஒரு விரலால் அந்தக் கையை எடுக்க முடியும். அவர் எடுக்கவில்லை. நான் மறுபடி உட்கார்ந்தேன். என் வேலையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் எது என்று யாராவது கேட்டால், அப்படி உட்கார்ந்ததைத்தான் சொல்வேன்.

அவளே கையை எடுத்தாள். அப்பா மூச்சு வாங்கினார்.

"ஸ்டாப் வந்துடுச்சு" என்றாள் செல்வி. "எறங்குப்பா."

அவர் எழுந்தார். குட்டி நாற்காலி இடுப்போடு மாட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து எழுந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் வரவில்லை. செல்வி அதைப் பார்த்து முதலில் திகைத்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்டது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தக் கேசட்டைப் போட்டேன். பிரமாதமாக ஒன்றும் இல்லை, முக்கால்வாசி மௌனம். மேடம் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். எங்கள் அறையில் பேசியவள் பள்ளிக்கூடத்தில் உடனே பேசவில்லை. அப்பா தினமும் காலையில் அவளை நடத்திக் கூட்டிப்போனார். வழியெல்லாம் தமிழில் உரக்கப் பேசிக்கொண்டே போனார். எதிரில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வேறு ஒன்றும் நடக்கவில்லை. மேடம் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு டீச்சருடன் உட்கார்ந்து பேசினார். அந்த டீச்சர் வாய்ப்பாடத்துக்குப் பதில் எழுதச் சொல்லி, அவளை இரண்டாம் வகுப்புக்கு அனுப்பினார். வாணியம்பாடிக்கு அவள் லீவுக்குப் போனாள், அம்மாவோடு போய் அம்மாவோடு திரும்பினாள். நானும் என் பங்குக்குப் பஸ்ஸில் தமிழ் பேச ஆரம்பித்தேன். முதல் நாள் கண்டக்டரிடம் பேசியபோது வியர்த்தது. அவர் சேலத்துக்காரராம். இறங்கும்வரை என்னை விடவில்லை.

எட்டு மணி நேரம் பாக்கி இருக்கிறது என்று சொன்ன தம்பிக்கு என் பதில் இதுதான். அந்த மணி நேரங்களை முடித்துவிடுங்கள், சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடமும் ஒரு கட்டு இருக்கிறது. ஆனால் சட்டைப் பையில் இரண்டு கேசட் இருக்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு எதை மேஜைமேல் வைக்கிறீர்கள் என்பதில்தான் நீங்கள் பயிற்சிக்கு வந்தீர்களா, டீக்கு வந்தீர்களா என்பது தெரியும். நான் தப்பு இல்லாதவனாக இருந்த மாதங்களில் எந்தக் குழந்தைக்கும் பெரிதாக உதவியதாக ஞாபகம் இல்லை.

ஜூலையில் ஒரு நாள் செல்வியின் அம்மா தனியாக மையத்துக்கு வந்தார். கையில் மகளின் பள்ளிக்கூட டைரி. அவருக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. "மிஸ் ஏதோ எழுதி அனுப்பிச்சிருக்காங்க சார். சிவப்பு இங்க்ல இருக்கு. எனக்குக் கையெல்லாம் ஒதறுது. இன்னான்னு பாருங்க."

வாங்கிப் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். "உங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். பக்கத்தில் இருப்பவர்களையும் பேச வைக்கிறாள். கண்டித்து வைக்கவும்."

அந்த அம்மா டைரியை வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை படிங்க சார்" என்றார்.